ஓய்வுநாளும் ஓட்டக்களமும்: ‘சாரியட்ஸ் ஒவ் பயர்’ திரைப்படம் பற்றிய ஒரு நோக்கு

சமய நம்பிக்கையைப் பொருளாகக் கொள்ளும் கலைப்படைப்பு எதிர்நோக்கும் முதற் பிரச்சினை, அந்நம்பிக்கையை எவ்வாறு புலப்படுத்துவது என்பதாகும். போதனையையும் பிரார்த்தனையையும் மட்டும் காட்டினால் அது பிரசாரமாகிவிடும். அன்றாடச் செயல்களை மட்டும் காட்டினால் அவற்றின் அடியில் உள்ள நம்பிக்கை பார்வையாளருக்குப் புலப்படாமற் போகலாம். 1981 ஆம் ஆண்டு வெளிவந்த ‘சாரியட்ஸ் ஒவ் பயர்’ என்னும் ஆங்கிலத் திரைப்படம் இப்பிரச்சினையை எதிர்கொண்ட விதம் ஆராயத்தக்கது. ஹியூ ஹட்சன் நெறிப்படுத்த, கொலின் வெலன்ட் திரைக்கதை எழுதிய இப்படம், சிறந்த படத்துக்கான விருது உட்பட நான்கு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது.

1924 ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில் ஓடிய இருவரின் கதை இது. யூதராகப் பிறந்த ஹரல்ட் ஏபிரகாம்ஸ், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகச் சூழலில் தாம் உணரும் புறக்கணிப்புக்கு விடையாக ஓடுகிறார். ஸ்கொத்லாந்து மிசனரிமாரின் மகனாக 1902 இல் சீனாவிற் பிறந்த எரிக் லிடல், தமது ஓட்டத்தை இறைவன் அளித்த கொடையாகக் கருதி ஓடுகிறார். 100 மீற்றர் ஓட்டத்தின் முதற்சுற்று ஞாயிற்றுக்கிழமை நடைபெறவிருந்தமையால் லிடல் அதில் ஓட மறுத்தார். அவ்வோட்டத்தில் ஏபிரகாம்ஸ் வென்றார். லிடலோ 400 மீற்றர் தூரத்தை 47.6 செக்கன்களில் ஓடி, ஒலிம்பிக் சாதனையுடன் தங்கப்பதக்கம் பெற்றார்.

படத்தின் சிறப்பு ஓட்டக் காட்சிகளிலேயே பெரிதும் தங்கியுள்ளது. தலையைப் பின்னே சாய்த்து, வாயைத் திறந்து, கைகளை வீசி ஓடுவது லிடலின் இயல்பான பாணி. ஓட்டக்கலையின் இலக்கணத்துக்கு மாறான அப்பாணியே திரையில் அவரது உள்ளத்தின் மொழியாகிறது. வான்ஜெலிசின் மின்னணு இசை 1920 களுக்கு உரியதன்று எனினும், உடலின் களிப்பை உணர்த்துவதில் அது வெற்றி பெறுகின்றது. அதனருகே தேவாலயப் பாடல்களும் ஒலிக்கின்றன. படத்தின் தலைப்பே வில்லியம் பிளேக்கின் கவிதையிலிருந்து எடுக்கப்பட்டது. அக்கவிதைக்கு ஹியூபர்ட் பரி 1916 இல் இசையமைத்தார். இவ்விடங்களில் வழிபாடும் விளையாட்டும் இசையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கமுடியாதவையாக அமைகின்றன.

ஆயினும் கதையமைப்பு வேறொரு திசையிற் செல்கின்றது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் பற்றிய செய்தியைக் கப்பலேறும் வேளையிலேயே லிடல் அறிவதாகப் படம் காட்டுகின்றது. உண்மையில் அவர் அதனைப் பல மாதங்களுக்கு முன்னரே அறிந்து, 200, 400 மீற்றர் ஓட்டங்களுக்குப் பயிற்சி பெற்றார். பிரபு ஒருவர் தமது இடத்தை விட்டுக்கொடுப்பதும், தங்கை ஜெனி அவரது ஓட்டத்தை ஐயுறுவதும் கற்பனையே. ஓட்டத்தையும் இறைவனின் மகிழ்வையும் இணைத்து லிடல் பேசும் புகழ்பெற்ற வசனமும் வெலன்ட் எழுதியதே.

வரலாற்றை மாற்றுவது கலைஞனின் உரிமை. அதனைக் குற்றமாகக் கொள்ளவேண்டியதில்லை. அம்மாற்றம் எதனை விளைவிக்கின்றது என்பதே திறனாய்வாளன் கேட்கவேண்டிய வினா. மாதக்கணக்கான அமைதியான பயிற்சியில் வெளிப்பட்ட நம்பிக்கை, இங்கே ஒரு நெருக்கடிக் கணத்தின் மறுப்பாகச் சுருங்கிவிடுகின்றது. நாடக முரண் கூர்மை பெறுகின்றது. வாழ்க்கையின் இயல்பு குன்றுகின்றது.

இக்குறை படத்தின் முடிவில் மேலும் தெளிவாகின்றது. 1925 இல் சீனா திரும்பிய லிடல், தியன்சின் கல்லூரியொன்றில் விஞ்ஞானம் கற்பித்தார். பின்னர் கிராமங்களிற் பணியாற்றினார். 1941 இல் மனைவியையும் பிள்ளைகளையும் கனடாவுக்கு அனுப்பினார். 1943 இல் யப்பானியரால் வேய்ஷியன் தடுப்பு முகாமில் வைக்கப்பட்ட அவர், 1945 பெப்ரவரி 21 ஆந் திகதி, 43 ஆவது வயதில், மூளைக் கட்டியினால் அங்கேயே இறந்தார். இருபது ஆண்டு வாழ்க்கை படத்தில் இறுதி எழுத்துக் குறிப்பாக மட்டுமே இடம்பெறுகின்றது.

அம்முகாமில் நிகழ்ந்த ஒன்றை அங்கிருந்தோர் பதிவுசெய்துள்ளனர். பிள்ளைகளுக்குக் கற்பித்தும் விளையாட்டுகளை ஒழுங்குசெய்தும் வந்த லிடல், ஞாயிறன்று போட்டிகளை நடத்துவதில்லை. இளைஞர் சிலர் தாமாகவே ஞாயிறன்று ஹொக்கி விளையாடினர். நடுவர் இல்லாமையால் ஆட்டம் சண்டையில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடலே நடுவராக நின்றார். தமது பதக்கத்துக்காக ஓய்வுநாளை விட்டுக்கொடுக்காதவர், பிறர் பிள்ளைகளுக்காக அதனை விட்டுக்கொடுத்தார். இரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கு நோக்கும்போதே, ஓய்வுநாள் அவருக்கு வெறும் சட்டமாக இருக்கவில்லை என்பது விளங்கும். முதலாவதை மட்டும் அறிந்தவருக்கு அவர் கொள்கைப் பிடிவாதம் மிக்க வீரராகவே தோன்றுவார்.

இரண்டு மணிநேரப் படம் முழு வாழ்க்கையையும் அடக்க இயலாது எனலாம். அது உண்மையே. எனினும் தெரிவு என்பது கலைஞனின் நோக்கைக் காட்டுவது. உலகம் கைதட்டிய நாட்களுக்குள் ஓர் ஆத்மீக வாழ்வின் உச்சத்தைத் தேடியது இப்படம். யாருங் கைதட்டாத ஹொக்கிக் களத்தை அது காணவில்லை. ஆகவே, சமய நம்பிக்கையை இயல்பாகக் காட்டும் முயற்சியில் இப்படம் பாதி வெற்றியே பெறுகின்றது எனல் பொருந்தும். அந்தப் பாதியும் லிடல் வாதிடும் இடங்களில் அன்று, வெறுமனே ஓடும் இடங்களிலேயே கிட்டுகின்றது.