பெயர் பொறியாத இடுகாடுகள்

கெடா மாநிலத்துத் தமிழர் பழமையைப் பற்றி எழுதப் புகுவோர் யாவரும் கடாரத்திலிருந்தே தொடங்குகின்றனர். இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மேற் படை செலுத்திய செய்தியும், பூஜாங் பள்ளத்தாக்கிற் கிடைத்த கோயில்களும் நம் மேடைகளிலும் ஏடுகளிலும் சலியாது பேசப்படுகின்றன. குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேயர் அங்கே 1936, 1937-ஆம் ஆண்டுகளில் அகழ்ந்து ஆராய்ந்தார். 2013-ஆம் ஆண்டில், தோட்ட நிலத்தில் இருந்த 11-ஆம் எண் கோயில், வீடு கட்டுவோரால் இடித்துத் தள்ளப்பட்டபொழுது நாடெங்கும் கண்டனம் எழுந்தது. எழுந்தது தக்கதே.

ஆயினும் நாம் ஒன்று கேட்கிறோம். அதே கெடாவில், சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், பாலிங் முதலிய ஊர்களைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களில் உழைத்து மடிந்த நம் பாட்டன் பாட்டியர் எங்கே கிடக்கின்றனர்? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அடுக்கிய கல்லை அறிவோம். எண்பது ஆண்டுகளுக்கு முன் புதைத்த மனிதரை அறியோம். இக்குறைக்கு நம் இலக்கியமும் ஒருவாற்றாற் பொறுப்பாளி என்பதே இங்கே நாம் சொல்ல வந்தது.

தொல்காப்பியர் நடுகல்லுக்கு ஆறு துறை வகுத்தார். கல்லைத் தேடிக் காணுதல் முதலாவது, வாழ்த்துதல் கடைசி. இளங்கோவடிகளும் வஞ்சிக் காண்டத்திற் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்ற முறையிலேயே காதைகளை அமைத்தார். வாழ்த்துவதற்கு முன்னே மலையேறிக் கல் தேடும் வேலை உண்டென்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நம் காலத்துத் தோட்டக் கவிதைகளையும் ஆண்டு மலர்க் கட்டுரைகளையும் பாருங்கள். வியர்வை, இரத்தம், உரம் என்ற மூன்று சொற்கள் கிடைத்தாற் போதும், பாட்டு முடிந்துவிடுகிறது. எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எந்தக் காய்ச்சல் என்ற கேள்வியே எழுவதில்லை. பால்மரத்துக்கு உரமானான் என்று பாடப்பெற்றவன் எந்த மரத்தடியிற் கிடக்கிறான் என்று தேடிச் சென்ற புலவரை நாம் கண்டதில்லை. முதல் துறையை விட்டுக் கடைசித் துறைக்குத் தாவிய வாழ்த்து யாரை வாழ்த்துகிறது?

நாவலாசிரியர்கள் இதனினும் நன்றாகச் செய்திருக்கின்றனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் இரயில் பாதை 1943 அக்டோபரில் முடிவுற்றது. அதில் மாண்ட போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரி இடுகாட்டில் மட்டும் ஏறத்தாழ 7,000 கற்கள் வரிசையாய் நிற்கின்றன. கைதிகளினும் பன்மடங்காக மாண்டவர் ஆசியத் தொழிலாளர். அவருள் மலாயாத் தோட்டத் தமிழர் மிகப் பலர். அவருட் பெரும்பாலார்க்குக் கல்லுமில்லை, பெயருமில்லை. ஆர். சண்முகம் 1993-இல் வெளியிட்ட ‘சயாம் மரண ரயில்’ அக்கல்லின் வேலையைச் செய்தது. லூனாஸ் ஊரில் 1981-இல் நச்சுச் சம்சு குடித்து மாண்டோரைப் பொருளாகக் கொண்டது ம. நவீனின் ‘பேய்ச்சி’. 2020 டிசம்பரில் மலேசிய அரசாங்கம் அந்நூலைத் தடை செய்தது. அதனைப் பற்றிக் கருத்து வேறுபாடுகள் உண்டு. எனினும் ஊரும் காலமும் காரணமும் அறிந்து எழுதிய எழுத்து, மூன்று சொற் கவிதையினும் மேலானதே. ஆனால் நாவல் மனிதனைக் காட்டுமேயன்றி அவன் கிடக்கும் மண்ணைக் காட்டாது. அது வேறொரு வேலை.

அவ்வேலையை வெள்ளையர் தம்மவர்க்குச் செய்திருக்கின்றனர். தெற்காசியக் கல்லறைகளைப் பதிவு செய்ய 1976-இல் பிரிட்டனில் ஒரு சங்கம் தோன்றியது. பினாங்கு, பேராக் ஆகிய இடங்களின் கிறிஸ்தவக் கல்லறைகளைப் பற்றி ஆலன் ஹார்பீல்டு எழுதிய நூலை அச்சங்கம் 1987-இல் வெளியிட்டது. போற்றத்தக்க உழைப்பு. ஆனால் அம்முறை கல்லில் உள்ள எழுத்திலிருந்து தொடங்குவது. எழுத்தில்லாத இடத்தில் அதற்கு வேலையில்லை. 1751-இல் வெளிவந்த தாமஸ் கிரேயின் கிராமக் கல்லறை இரங்கற்பாவைப் படித்தோர் நம்மவருட் பலர். புகழறியா ஏழை உழவர்க்கென்று பாடியது அது. அவ்வேழைகளுக்குங்கூடப் பெயரும் ஆண்டும் செதுக்கிய கரடுமுரடான கல் ஒன்று இருந்தது. நம் தோட்டக் கூலிக்கு நட்டது மரக்குச்சி. அதனை இரண்டு மழைக்காலத்திற் கறையான் தின்றது.

மாண்டாரிடையேயும் உயர்வு தாழ்வு கற்பித்தது நம் பழைய நோய். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்திற் சுடுவோரும் இடுவோரும் தாழியிற் கவிப்போரும் உளர். அங்கெழுந்த சுடுமண் கோட்டங்களோ தவத்தோர்க்கும் அரசர்க்கும் நால்வகை வருணத்தார்க்கும் என வகை வகையாய் நின்றன. தோட்டத்திலும் கதை வேறில்லை. கிராணிக்கும் கங்காணிக்கும் சிமிட்டி மேடை, பால்வெட்டிக்கு மண்மேடு. ஒரே காய்ச்சலில் மாண்டவர்களையும் சாதிக்கொரு மூலையிற் புதைத்த இடங்கள் உண்டு.

சுங்கைப் பட்டாணிக்கு அணித்தேயுள்ள ஒரு பழைய தோட்டத்துக்கு நாம் சென்றிருந்தோம். பால்மரம் போய்ச் செம்பனை நின்றது. கோயிற் பொறுப்பாளர்களைக் கேட்டோம். இடுகாடு இருந்ததென்று கேள்வி, இடம் தெரியாதென்றனர். லயத்து வீட்டுத் திண்ணையிலிருந்த எண்பது கடந்த மூதாட்டி ஒருவர், கேளாமலே கையை நீட்டினார்: “ஆத்தோரம் அந்தப் பூ மரம் நிக்குதே தம்பி, அதுக்கு இந்தப் பக்கமெல்லாம் புள்ளைங்க; அந்தப் பக்கம் பெரியவங்க.” நீங்கள் அங்கே போனதுண்டா பாட்டி என்றோம். “பொம்பளைங்க எங்க போறது? எங்கம்மா அழுவுறப்ப ஒவ்வொருத்தர் பேராச் சொல்லிச் சொல்லி அழுவும். கேட்டுக் கேட்டு மனசுல தங்கிப்போச்சு.”

நாம் நாணி நின்றோம். சுடுகாட்டு வழியிற் பெண்களைத் தடுத்தது நம் சமூகம். தடுக்கப்பட்டவர்களே அதன் கணக்கை வைத்திருக்கின்றனர். பாடை தூக்கிச் சென்ற ஆண்மக்கள் மறந்துவிட்டனர். ஒப்பாரியைத் தொகுப்போரும் ஆராய்வோரும் பெரும்பாலும் உவமை நயத்தையே பாராட்டுகின்றனர். பாடப்பட்டவர் யார், எவ்வாறு மாண்டார், எங்கே புதைக்கப்பட்டார் என்று கேட்டுக் குறிப்போர் அரியர். கல் பெறாதவர்க்கு ஒப்பாரியே கல்வெட்டு. அதனைச் சுவைக்க மட்டுமே கற்ற திறனாய்வு பாதிக் கல்வியே பெற்றது என்போம்.

“கருமாதியும் திதியும் வீண் என்று எழுதும் நீங்களா கல்லறை தேடச் சொல்கிறீர்கள்?” என்று சிலர் நகைக்கலாம். நாம் கற்பூரம் ஏற்றச் சொல்லவில்லை, கணக்கெழுதச் சொல்கிறோம். பிரட்டுக் களத்தில் நாள்தோறும் பேர் கூப்பிட்டு வேலை வாங்கப்பட்டவனுக்கு, இறந்தபின் ஒருமுறை பேர் கூப்பிட ஆளில்லை என்பது பக்தியைப் பற்றிய வழக்கன்று, நீதியைப் பற்றியது.

காலமும் குறுகிவிட்டது. கூலியாட்களின் குடியேற்றத்தை இந்திய அரசாங்கம் 1938-இல் நிறுத்தியது. அதற்குமுன் கப்பலேறி வந்தவர் மறைந்தனர். அவர்தம் மக்களும் முதியராயினர். தோட்டத் துண்டாடலின்போது நிலம் கைமாறுந்தோறும் இடுகாடும் கைமாறியது. அத்துண்டாடலை எதிர்த்து 1960-இல் வீ. தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டமே. தொழிலாளர் சிறுகச் சேர்த்த பணத்தால் தோட்டத்தையே வாங்க முடிந்த சமூகத்துக்கு இடுகாட்டைக் குறித்து வைப்பது பெருஞ்செயலாகாது.

செய்ய வேண்டுவது எளிது. தோட்டந்தோறும் மூத்த பெண்மணிகளிடம் முதலிற் செல்க. அவர் சொல்வதை அவர் சொல்லாலேயே எழுதுக. ஆறு, பாலம், தண்டவாளம், பூ மரம் என அவர் காட்டும் அடையாளங்களைப் பழைய நிலப்படத்தோடு ஒத்துப் பார்த்துக் குறிக்க. பேரும் உறவும் நோயும் ஆண்டும் கிடைத்தவரை பதிக. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரும் மாணவர் நால்வரும் ஒரு விடுமுறையில் இதைச் செய்யலாம். வாழ்த்துப் பாடும் புலவர் அதன் பிறகு பாடட்டும். அப்பொழுது அப்பாட்டுக்கு ஒரு முகவரி இருக்கும்.