1931ஆம் ஆண்டுப் பகிஷ்காரமும் அதன் காரணங்களும்

ஒரு கிளர்ச்சியின் காரணங்களை ஆராயப்புகும் வரலாற்று மாணவர், அவற்றைச் சேய்மைக் காரணம், அண்மைக் காரணம் என இருகூறாக்கி நிரல்படுத்துதல் மரபு. அமெரிக்கக் குடியேற்றங்களின் சுதந்திரப் போருக்கு 1765ஆம் ஆண்டு முத்திரைச் சட்டமும் 1773ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டமும் காரணமாயின என எழுதிவிட்டால் விடை நிறைவுற்றதாகக் கொள்ளப்படும். அக்கிளர்ச்சியாளர் தம் முறையீடுகளை 1776இல் ஒரு பிரகடனமாகவே எழுதிவைத்தமையின், ஆங்கு இம்முறை ஓரளவு பயன்படும். இலங்கையின் சுதந்திர வரலாற்றில் யாழ்ப்பாணம் தனித்து நின்று நிகழ்த்திய எதிர்ப்பாகிய 1931ஆம் ஆண்டு அரசாங்கசபைப் பகிஷ்காரத்துக்கு இம்முறை எளிதிற் பொருந்துவதன்று. தீர்மானம் நிறைவேற்றியோர் சிலர். அதன்வழி ஒழுகியோர் பலர். அவ்விரு சாராரின் காரணங்களும் ஒன்றாயிருந்தனவா என்பதே ஆராயத்தக்கது.

டொனமூர் ஆணைக்குழுவினர் 1927இல் இலங்கைக்கு வந்து, 1928இல் தம் அறிக்கையை வெளியிட்டனர். இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்தலும், சர்வசன வாக்குரிமை அளித்தலும் அதன் தலையாய விதப்புரைகள். அதற்கு முன்னர் வாக்குரிமை பெற்றிருந்தோர் குடித்தொகையில் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரே. 1929 டிசம்பரில் இத்திட்டம் சட்டநிரூபண சபையில் 17 வாக்குகளுக்கு எதிராக 19 என்னும் நூலிழை வேறுபாட்டால் நிறைவேறிற்று.

எதிர்த்தோருள் முதன்மையானவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். திருநெல்வேலியிலே பரமேசுவராக் கல்லூரியை 1921இல் நிறுவிய அப்பெருமகனார், கல்வியறிவில்லாதார்க்கும் வாக்களிக்கும் ஆட்சிமுறையை அஞ்சினார். இனவாரிப் பிரதிநிதித்துவம் நீங்கினாற் சிறுபான்மையோர் நிலை தாழும் எனவும் கருதினார். இவற்றுள் முன்னைய அச்சத்தைப் பின்வந்த காலம் மெய்ப்பிக்கவில்லை. பின்னையதை அவ்வாறு எளிதில் ஒதுக்குதல் இயலாது. 1930 நவம்பரில் அவர் மறைந்தார்.

வாலிபர் காங்கிரசின் எதிர்ப்போ முற்றிலும் வேறான நிலத்தில் முளைத்தது. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிய அவ்வியக்கத்தை வழிநடத்தியோர் பெரும்பாலும் ஆசிரியர்கள். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியிற் கற்பித்த ஹண்டி பேரின்பநாயகம் அவர்களுள் முன்னின்றவர். 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தோரும் இவர்களே. இவர்களுக்கு டொனமூர்த் திட்டம் மிகையாக அன்று, குறையாகவே தோன்றிற்று. நிதி, சட்டம், பொதுச்சேவை ஆகியன அரசாங்க உத்தியோகத்தர் மூவர் கையிலே தங்கின. தேசாதிபதியின் தனியதிகாரமும் குன்றவில்லை. பூரண சுயராச்சியம் அளியாத சபையிற் புகுதல் ஆகாது என 1931 ஏப்ரலில், கமலாதேவி சட்டோபாத்தியாயர் தலைமை தாங்கிய மாநாட்டில், இவர்கள் தீர்மானித்தனர். இது இந்தியாவின் எதிரொலியே என்பார் உளர். இலாகூர்த் தீர்மானமும் (1929) உப்புச் சத்தியாக்கிரகமும் (1930) ஊக்கம் அளித்தன என்பது உண்மையே. ஆயினும் சாதி வேற்றுமை ஒழிப்பும் தாய்மொழிப் பற்றும் சிங்கள மக்களோடு ஒருமைப்பாடும் இவ்வியக்கத்தின் நோக்கங்களாக அவற்றுக்கு முன்னரே அமைந்தமையின், அக்கூற்று முழுதும் பொருந்தாது.

மே மாதம் 4ஆந் தேதி நியமனப் பத்திரம் ஏற்கப்பட்டபோது யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் அபேட்சகர் எவரும் முன்வந்திலர். மன்னார்–முல்லைத்தீவு இதிற் சேரவில்லை. தென்னிலங்கையிலும் பகிஷ்காரத்தால் ஒரு தொகுதியேனும் வெறுமையாகவில்லை. ஏழாண்டுகூட நிரம்பாத ஓர் இளைஞர் சங்கத்தின் சொல்லுக்கு ஒரு குடாநாடே கட்டுப்பட்டது எங்ஙனம்? இராமநாதனைப் பின்பற்றியோர் திட்டத்தை வேறு காரணத்தால் வெறுத்தவர். உயர்சாதியாருள் வேறொரு சாராரோ, தம் வயலில் உழுதவனும் தமக்கு நிகராக வாக்களிப்பதைப் பொறாதவர். பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்க வேண்டும் என்ற விதி எழுப்பிய கொந்தளிப்பு அப்பொழுது ஓய்ந்திருக்கவில்லை. சம ஆசனத்துக்கும் சமபந்திக்கும் பரிந்து பேசிய இளைஞரும், அவற்றை வெறுத்தவரும், ஒரே நாளில் ஒரே செயலைச் செய்தனர்! வாக்கொன்று அளிக்கப்படின் எவர்க்கு என்பதாவது புலனாகும். அளிக்கப்படாத வாக்கின் காரணத்தை எங்ஙனம் அறிவது?

அறிதற்கு ஒரு சான்று உண்டு. 1934இல் இடைத்தேர்தல் நடைபெற்றபோது யாழ்ப்பாணத்தில் அருணாசலம் மகாதேவாவும், காங்கேசன்துறையிற் சு. நடேசபிள்ளையும், ஊர்காவற்றுறையில் நெவின்ஸ் செல்வதுரையும், பருத்தித்துறையில் ஜீ. ஜீ. பொன்னம்பலமும் தெரிவாயினர். மகாதேவா இராமநாதனின் தம்பி மகன். பரமேசுவராக் கல்லூரி அதிபராய் விளங்கிய நடேசபிள்ளை அவர்தம் மருகர். இளைஞர் வெறுமையாக்கிய ஆசனங்களுட் பாதி இராமநாதன் குடும்பத்தாரிடமே சென்றது. குடாநாட்டின் மனம் 1931இலும் சுயராச்சியத்தை விடப் பழைய தலைமையின் பக்கமே சாய்ந்திருந்தது என ஊகித்தல் தவறாகாது.

இதனால் இளைஞரின் நேர்மைக்கு இழுக்கில்லை. தமிழர் பின்னடைவுக்கெல்லாம் பகிஷ்காரமே மூலம் என்பாரின் கூற்றும் ஆய்ந்து கொள்ளத்தக்கதன்று. 1931இல் அமைந்த மந்திரிசபையில் இலங்கைத் தமிழர் ஒருவரும் இலராயினும், பெரி சுந்தரமும் மாக்கான் மாக்காரும் இடம்பெற்றனர். தமிழ் உறுப்பினர் மீண்டும் சபை புகுந்த பின்னரன்றோ, 1936இல், மந்திரிமார் எழுவரும் சிங்களவராகவே அமைந்தனர்! அதற்குப் பகிஷ்காரம் பொறுப்பாகாது. நிருவாகக் குழுக்களைப் பெரும்பான்மை பகிர்ந்து கொண்ட முறையே பொறுப்பாகும்.

இளைஞர் மீது சாட்டத்தக்க குறை பிறிதொன்று. தலைமுறை தலைமுறையாகத் தாழ்த்தப்பட்ட மக்கள் முதன்முறையாக ஒரு வாக்கைப் பெற்றிருந்தனர். சாதி ஒழிப்பையே விரதமாகக் கொண்டோர், அவ்வாக்கை நாட்டின் பொருட்டுக் கைவிடும்படி அவர்களைக் கேட்டனர். அவர்களுக்கு அதன் காரணம் விளக்கப்பட்ட அளவு சிறிது. தீர்மானத்துக்கும் நியமனத்துக்கும் இடையே இருந்தவை சில நாட்களே. குடாநாட்டில் அம்மக்கள் அரசாங்கசபைத் தேர்தலில் முதல்வாக்கு அளிப்பதற்கு மேலும் மூன்று ஆண்டு காத்திருந்தனர்.