விட்ட வழியைக் காப்பது யார்? செயற்கூறு நிரலாக்கத்தில் தேர்வும் திரும்புதலும்

சதுரங்கப் பலகையில் எட்டு ராணிகளை ஒன்றையொன்று வெட்டாதபடி வைக்க வேண்டும். 1848இல் மாக்ஸ் பெட்சல் என்ற ஜெர்மானியர் முன்வைத்த புதிர் இது. இதற்கு விடைகள் 92. வரிசைக்கு ஒரு ராணி என்று வைத்து எல்லா அமைப்புகளையும் எண்ணினால் 1,67,77,216 வரும். ஒவ்வொரு ராணியை வைத்ததும் வெட்டுப்படுகிறதா என்று பார்த்து, பட்டால் அங்கேயே நின்று திரும்பிவிட்டால் கதை வேறு. வெற்றுப் பலகையையும் சேர்த்து, தேடலில் தேறும் நிலைகள் 2,057தான்.

ஒரு வழியைப் பிடித்துப் போவது, முட்டினால் வந்த வழியே திரும்புவது, முன்பு விட்ட கிளையைப் பிடிப்பது: இதற்குப் பேக்டிராக்கிங் என்று பெயர். திரும்ப வேண்டுமானால் விட்ட கிளைகளை யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டும். யார் வைத்திருப்பது? இந்தத் துறையில் எழுந்த மரபுகள் ஒவ்வொன்றும் இந்தக் கேள்விக்குச் சொன்ன விடை என்றே நான் கருதுகிறேன். மாணவர்களுக்கு இதை நடத்தும்போதும் இங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

வேர்

1959இல் ராபினும் ஸ்காட்டும், ஒரே நேரத்தில் பல வழிகள் திறந்திருக்கும் தானியங்கிகளை வரையறுத்தார்கள். லிஸ்ப் மொழியைத் தந்த ஜான் மெக்கார்த்தி, 1963இல் வெளியான கட்டுரையில் 'ஆம்ப்' என்ற செயலியை முன்வைத்தார். இரண்டு மதிப்புகளைக் கொடுத்தால் அவற்றுள் ஏதோ ஒன்று விடையாக வரும். எது என்று சொல்லப்படாது. 1967இல் ராபர்ட் ஃபிளாய்ட் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். சரியான வழியை இயந்திரமே தேர்ந்தெடுக்கும் என்று நம்பி நிரலை எழுதலாம் என்றார் அவர். பிறகு ஒவ்வொரு கட்டளைக்கும் அதை இல்லாமலாக்கும் எதிர்க்கட்டளையைச் சேர்த்து, பழைய மதிப்புகளை அடுக்கில் போட்டு வைத்தால், அந்த நிரலைச் சாதாரண இயந்திரத்தில் ஓடுவதாக மாற்றிவிடலாம் என்றும் காட்டினார். எழுதுபவரின் மனத்தில் தேர்வு, இயந்திரத்தின் வயிற்றில் தேடல் என்ற இந்தப் பிரிவினைதான் பின்வந்த எல்லா மரபுகளுக்கும் அடித்தளம்.

முதல் மரபு: எஞ்சிய கணக்கைப் பிடித்து வைத்தல்

1969இல் கார்ல் ஹியூவிட் வகுத்த பிளானர் மொழியில் திரும்புதல் தானாகவே நடந்தது. 1972இல் சஸ்மனும் மெக்டெர்மாட்டும் அதைக் கடுமையாக மறுத்தார்கள். எங்கே தோற்றோம், ஏன் தோற்றோம் என்ற அறிவு திரும்பும்போதே அழிந்துபோகிறது. நிரலாளரின் கையில் கட்டுப்பாடு இல்லை என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தின் பலன் கானிவர் என்ற மொழி. அதே சஸ்மனும் கை ஸ்டீலும் 1975இல் ஸ்கீம் மொழியைத் தந்தார்கள். ஒரு கணத்தில் நின்று, 'இதற்கு மேல் நடக்க வேண்டிய கணக்கு' முழுவதையும் ஒரு மதிப்பாகப் பிடித்துக்கொள்ளும் வசதி அங்கே வளர்ந்தது. அந்த மதிப்புக்குக் கண்டினியூவேஷன் என்று பெயர். தேர்வு வரும் இடத்தில் அதைப் பிடித்து அடுக்கில் வைத்துவிட்டால், தோற்றதும் எடுத்து அடுத்த கிளைக்குப் போகலாம். ஆம்ப் செயலியைச் சில வரிகளில் எழுதிவிடலாம்.

ஏபல்சன், சஸ்மன் இருவரின் புகழ்பெற்ற பாடநூல் 1996இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஆம்பை வேறு விதமாகக் கட்டிக் காட்டுகிறது. அங்கே ஒவ்வொரு கோவைக்கும் இரண்டு கண்டினியூவேஷன்கள் தரப்படுகின்றன: வென்றால் போக வேண்டிய வழி ஒன்று, தோற்றால் போக வேண்டிய வழி ஒன்று. மாறியின் மதிப்பை மாற்றும்போது பழைய மதிப்பைத் தோல்வி வழியில் மறைத்து வைப்பார்கள். திரும்பும்போது அது தானே மீண்டுவிடும். ஃபிளாய்டின் எதிர்க்கட்டளை இங்கே ஒரு செயற்கூறாக மறுபிறவி எடுத்திருக்கிறது.

இரண்டாம் மரபு: வெற்றிகளின் பட்டியல்

1985இல் ஃபிலிப் வாட்லர் எழுதிய கட்டுரை, தோல்வியை வெற்றிகளின் பட்டியலாக மாற்றிவிடு என்றது. விடை இல்லையா, வெற்றுப் பட்டியல். ஒன்று இருக்கிறதா, ஓர் உறுப்புள்ள பட்டியல். தேர்வு என்பது இரண்டு பட்டியல்களை ஒட்டுவது. கேட்டால்தான் கணக்கிடும் மொழியில் முதல் விடையை மட்டும் கேட்டால், மற்றவை கணக்கிடப்படாமலே காத்திருக்கும். விட்ட கிளைகள் பட்டியலின் வாலில் இருக்கின்றன. திரும்புதல் என்பது அடுத்த உறுப்பைக் கேட்பதுதான். பின்னர், கணக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் பொது வடிவமான மோனாட்டைப் பற்றிய மோஜியின் கோட்பாடு வந்தபோது, வாட்லரே 1990இல் இந்தப் பட்டியல் முறையும் அதில் அடங்குவதை விளக்கினார். எளிமையில் இதற்கு இணை இல்லை. முதன்முதலாகக் கற்பவருக்கு நான் இதையே கொடுப்பேன்.

குறைகள் இரண்டு. பட்டியல்களை இடப்பக்கமாகவே ஒட்டிக்கொண்டு போனால் முன்பகுதியை மீண்டும் மீண்டும் நடக்க நேர்ந்து செலவு ஏறும். மற்றொன்று இதைவிடப் பெரியது. ஒரு கிளையில் முடிவற்ற ஒற்றை எண்கள், அடுத்த கிளையில் 2, 4, 6. ஓர் இரட்டை எண் வேண்டும். நிரல் முதல் கிளையிலேயே காலமெல்லாம் நடக்கும். அடுத்த வாசலில் நிற்கும் 2 அதன் கண்ணில் படவே படாது.

மூன்றாம் மரபு: நடுநிலைத் தேடல்

2000இல் ரால்ஃப் ஹின்ஸ, வெற்றி, தோல்வி இரண்டையும் செயற்கூறுகளாகக் கொண்ட மோனாட் வடிவத்தைச் சமன்பாடுகளிலிருந்தே வருவித்துக் காட்டினார். ஒட்டும் செலவு நீங்கியது. ஆனால் விடை செயற்கூறுகளுக்குள் பூட்டப்பட்டதால், ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியை நிறுத்தி வைப்பது கடினமாயிற்று. 2005இல் கிசெல்யோவ், ஷான், ஃபிரீட்மன், சாப்ரி நால்வரும் அந்தப் பூட்டைத் திறந்தார்கள். அவர்கள் தந்த ஒரே ஒரு செயல், தேடலை 'முதல் விடையும் எஞ்சிய தேடலும்' என்ற இணையாகப் பிரித்துத் தருகிறது. எஞ்சியது கைக்கு வந்ததும் மற்றவை எளிதாயின. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று கிளைகளைப் பின்னலாம். மேற்சொன்ன 2 உடனே கிடைக்கும். ஒரு விடை போதும் என்று நிறுத்தலாம். அதே ஆண்டு ஃபிரீட்மன், பேர்ட், கிசெல்யோவ் எழுதிய பாடநூல், இத்தகைய தேடல்மேல் கட்டிய மினிகான்ரன் என்ற சிறு தர்க்க மொழியைப் பரப்பியது.

நான்காம் மரபு: பொருளைப் பின்னர் சொல்லுதல்

2009இல் பிளாட்கினும் பிரெட்னரும் எஃபெக்ட் ஹேண்ட்லர் முறையை முன்வைத்தார்கள். இங்கே நிரல் 'தேர்ந்தெடு' என்று கேட்பதோடு நின்றுகொள்ளும். அந்தச் சொல்லுக்குப் பொருள் தருவது வெளியில் சுற்றியிருக்கும் ஹேண்ட்லர். ஒரு ஹேண்ட்லர் முதல் விடையைத் தரும், இன்னொன்று எல்லா விடைகளையும் திரட்டும். நிரலில் ஓர் எழுத்தும் மாறாது. ஆனால் நிறுத்தி வைத்த கணக்கைப் பலமுறை தொடர மொழி அனுமதிக்க வேண்டும். கோகா மொழியில் அது முடியும். 2022 டிசம்பரில் வந்த ஓகாமல் மொழியின் 5ஆம் பதிப்பில் ஒருமுறைதான் தொடரலாம். இரண்டாம் முறை முயன்றால் பிழை எழும். வேகத்துக்காகச் செய்த அந்தத் தேர்வு, பேக்டிராக்கிங்குக்கான நேர்வழியை அடைத்துவிட்டது.

இலக்கணங்கள்

எந்த மரபானாலும் ஐந்து உரைகற்களில் உரசிப் பார்க்கலாம்.

முதலாவது, நடுநிலை: ஒரு கிளை முடிவற்றது என்பதால் இன்னொரு கிளையின் விடை மறைந்துவிடக் கூடாது. இரண்டாவது, தடமின்மை: தோற்ற கிளையில் செய்த மாற்றம் அடுத்த கிளையில் தெரியக் கூடாது. மாறாத மதிப்புகளையே கையாளும் மொழிகளில் இது பெரும்பாலும் இயல்பாகவே அமைகிறது. திரும்புதலுக்குச் செயற்கூறு நிரலாக்கம் இவ்வளவு பொருந்துவதற்கு இதுவே முதற்காரணம். மூன்றாவது, ஒரு பெயருக்கு ஒரு தேர்வு: நாணயத்தின் மதிப்பு 0 அல்லது 1 என்று வைத்து அதற்கு ஒரு பெயரிட்டு, அந்தப் பெயரை அதனோடே கூட்டினால் 0 அல்லது 2 வர வேண்டும், 1 வரக் கூடாது. கரி மொழி இந்த நெறியைத் தன் அடிப்படையாகவே கொண்டிருக்கிறது. நான்காவது, சிக்கனம்: ஒரு விடை கேட்டவரிடம் 92 விடைகளுக்கான கூலி வாங்கக் கூடாது.

ஐந்தாவது, முன்கூட்டியே வெட்டுதல். இதை எந்த மரபும் நமக்காகச் செய்து தராது. எட்டு ராணிகளையும் வைத்து முடித்தபின் சோதிக்கும் நிரலை எந்த மோனாடில் எழுதினாலும் ஒன்றரைக் கோடிக்கு மேல் அமைப்புகளைப் பார்த்தே தீரும். சோதனையை ஒவ்வொரு ராணிக்குப் பின்னும் நகர்த்தினால்தான் அது 2,057 நிலைகளாகச் சுருங்கும். அந்த ஒரு வரியை எங்கே வைப்பது என்பது நிரலாளரின் பொறுப்பு.

இத்துறையில் அடியெடுத்து வைக்கும் மாணவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. எட்டு ராணிப் புதிரை நான்கு மரபுகளிலும் எழுதுங்கள். அடுக்கில், பட்டியலின் வாலில், தோல்விச் செயற்கூற்றில், ஹேண்ட்லரின் கையில் என்று விட்ட கிளை எங்கே உறங்குகிறது என்பதை ஒவ்வொன்றிலும் விரல் வைத்துக் காட்டுங்கள். கிளைகளைப் பின்னாமல் இடமிருந்து வலமாகத் தேடினால் நான்கிலும் முதல் விடை, வரிசைதோறும் ராணி நிற்கும் கட்டத்தின் எண்ணாக, 1, 5, 8, 6, 3, 7, 2, 4 என்று வரும். 92ஆம் விடை அதன் கண்ணாடிப் பிம்பமான 8, 4, 1, 3, 6, 2, 7, 5. நான்கு நிரல்களும் இந்த இரண்டு வரிகளில் ஒத்துப்போகும்போது, மரபுகள் நான்கானாலும் அவை காத்துவந்த பொருள் ஒன்றுதான் என்பதை உங்கள் கையாலேயே நிறுவியிருப்பீர்கள்.