பையன் பேண்டில் சேர்ந்தானா?

சைதன்ய தம்ஹானேயின் 'தி டிசைப்பிள்' (2020) மராத்திப் படத்தில் ஒரு சின்னக் காட்சி. ஹிந்துஸ்தானி சொல்லித்தரும் ஷரத்திடம் ஒரு மாணவனின் அம்மா வந்து, பையன் காலேஜ் ஃப்யூஷன் பேண்டில் சேரலாமா என்று கேட்கிறார். தாராளமாகச் சேரட்டும், அப்புறம் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்கிற தொனியில் ஷரத் பதில் சொல்கிறான். அவ்வளவுதான், படம் நகர்ந்துவிடுகிறது.

படத்தைப் பற்றிப் பேசினாலே எல்லோரும் பைக் காட்சிகளுக்குத்தான் போவார்கள். நள்ளிரவு மும்பை, ஆளில்லாத சாலை, காதில் மாயியின் பழைய உரைகள். இசை என்பது தவம், புகழை நாடாதே என்கிற குரல். எனக்கும் முதல் தடவை அதுதான் பிடித்தது. இரண்டாம் தடவை பார்க்கும்போதுதான் அந்த அம்மா கண்ணில் பட்டார்.

ஷரத்தின் விடாமுயற்சி எங்கிருந்து வருகிறது? சின்ன வயதில் விளையாடக் கூப்பிடும் பையன்களிடம் போகவிடாமல் அப்பா உட்காரவைக்கிறார். அவரே பாடகராக வர ஆசைப்பட்டு முடியாமல் போனவர். பிறகு குரு. பொறு, சாதகம் பண்ணு என்கிறார். பிறகு மாயி, அவரோ வெறும் குரல். மூன்று பேருமே அவனை நகர விடுவதில்லை. ஆனால் 'இது உனக்கு வந்துவிட்டது, இது வரவில்லை' என்று அவன் பற்றிக்கொள்ளும்படி யாரும் சொல்வதுமில்லை.

நம் ஊர் ஆரம்பப் பாடத்தில் இந்தச் சிக்கல் குறைவு. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் வரிசை அது: மாயாமாளவகௌளையில் சரளி, ஜண்டை, அலங்காரம். படி சின்னது, இன்று ஏறினோமா இல்லையா என்று எட்டு வயதுக் குழந்தைக்கே தெரியும். கம்பைலர் வரி எண்ணோடு பிழையைச் சொல்கிற மாதிரி. மனோதர்மத்துக்குள் போனதும் வரி எண் கிடையாது. கயாலிலும் அப்படித்தான். அங்கே குருவின் ஒரு வார்த்தைதான் அளவுகோல். அதைத் தராமல் பொறுமையை மட்டும் கேட்டால், மாணவன் பொறுமையையே திறமை என்று நம்பிவிடுவான். ஷரத் நம்பினான்.

'விப்லாஷ்' (2014) இதற்கு நேரெதிர் மாதிரி தெரியும். ஜோ ஜோன்ஸ் சிம்பலை வீசியெறிந்ததால்தான் சார்லி பார்க்கர் உருவானார் என்பது அதில் வரும் ஃப்ளெட்சரின் வேதம். பார்க்கரின் வாழ்க்கைக் கதைகளில் அந்தச் சிம்பல் அவர் காலடியில்தான் விழுகிறது. 1937 கோடையில் அவர் ஓசார்க் மலைப்பகுதிக்கு வாசிக்கப் போகிறார். லெஸ்டர் யங்கின் சோலோக்களை இசைத்தட்டில் கேட்டுக் கேட்டுப் பழகுகிறார். கூட இருந்த கலைஞர்கள் ஹார்மனி சொல்லித்தருகிறார்கள். ஃப்ளெட்சருக்கு அவமானம் ஞாபகம் இருக்கிறது, சொல்லித்தந்தவர்கள் ஞாபகம் இல்லை. கத்துகிறவரும் மௌனமாக இருப்பவரும் பாதிப் பாடத்தைத்தான் தருகிறார்கள்.

தம்ஹானே மீது எனக்கு ஒரு குறை உண்டு. தூய்மைக்கு மாற்றாக அவர் காட்டுவது பெரும்பாலும் டிவி பாட்டுப் போட்டியின் மினுமினுப்பைத்தான். நடுவில் ஒரு இடம் இருக்கிறது. காலேஜ் பேண்டில் சேர்ந்து, சொதப்பி, ஒருநாள் திரும்பிவரக்கூடிய பையனின் இடம். கேமரா அவன் பின்னால் போவதில்லை. ஷரத்தோ ஒரு கச்சேரியில் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்துபோகிறான். வேறு எப்படி இசையோடு இருப்பது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லையே.

பத்தாவது பரீட்சைக்காக நான் வயலின் கிளாசை நிறுத்தியபோது வர்ணம் வரைக்கும் வந்திருந்தேன். திட்டு விழும் என்று பயந்துகொண்டேதான் போனேன். "போயிட்டு வாடா, பெட்டிய மட்டும் பரண்ல போட்டுடாத" என்றார் வாத்தியார். இன்றைக்கும் நான் சுமாராகத்தான் வாசிக்கிறேன். பெட்டி பரணில் இல்லை.