பத்து நாற்காலி, ஒரு பெயர்

‘ஜிரோ ட்ரீம்ஸ் ஆஃப் சுஷி’ 2011-ல் வந்த ஆவணப்படம். இயக்கியவர் டேவிட் கெல்ப். சாஃப்ட்வேர்காரர்களிடம் இதற்கு ஒரு தனி மரியாதை உண்டு. டீமுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு “இதைப் பாருப்பா, தொழில்பக்தின்னா என்னன்னு புரியும்” என்று லிங்க் அனுப்பும் மேனேஜர்களை நானே பார்த்திருக்கிறேன். சமீபத்தில் மூன்றாவது தடவையாகப் பார்த்தேன், இந்த முறை கையில் நோட்டோடு. அந்த மேனேஜர்கள் இதிலிருந்து எடுக்கும் பாடம் ஒன்று, படமே காட்டுகிற சாட்சியம் வேறொன்று என்று பட்டது.

படம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். டோக்கியோவில் கின்சா பகுதி. ஒரு அலுவலகக் கட்டடத்தின் தரைக்குக் கீழே ‘சுகியபாஷி ஜிரோ’ என்ற கடை. ஒரே கவுன்டர், பத்து இருக்கை. 1925-ல் பிறந்த ஜிரோ ஓனோ எதிரே நின்று, சுமார் இருபது சுஷியை ஒவ்வொன்றாகப் பிடித்து வைப்பார். நீங்கள் எதையும் ஆர்டர் செய்ய முடியாது. இதற்குப் பெயர் ஒமகாசே. “உங்க பொறுப்புல விட்டுட்டேன்” என்று அர்த்தம். படம் எடுத்த காலத்தில் விலை 30,000 யென்னில் ஆரம்பம். வேகமாகச் சாப்பிடுகிறவர் கால் மணி நேரத்தில் எழுந்துவிடலாம்!

இந்தப் பயபக்தி சுஷிக்குப் பிறவியிலேயே வந்தது இல்லை. இன்றைய நிகிரி சுஷி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எதோ நகரத்தில் (இன்றைய டோக்கியோதான்) பிரபலமானது. ஹனயா யோஹெய் என்பவர் பெயரைச் சொல்வார்கள். தெருவோரத் தள்ளுக்கடையில் நின்றபடி இரண்டு வாய் போட்டுக்கொண்டு போகிற பண்டம் அது. அளவும் இப்போதையதைவிடப் பெரிசு. போருக்குப் பின் 1947-ல் அரிசித் தட்டுப்பாட்டால் உணவகங்களுக்குத் தடை வந்தபோது, டோக்கியோ சுஷிக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வாடிக்கையாளர் ஒரு ‘கோ’ அரிசி (சுமார் 180 மி.லி.) கொண்டுவந்தால் பத்து சுஷியாகச் செய்து தருவோம், கூலி மட்டும் போதும் என்று அனுமதி வாங்கினார்கள். நம் ஊரில் மாவு மில்லுக்குத் தூக்கு எடுத்துக்கொண்டு போவது மாதிரி. கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஞானி, இந்தப் பக்கம் இருப்பவர் பக்தர் என்கிற பாவனையெல்லாம் அப்போது செல்லுபடியாகியிருக்குமா? கேட்டதைப் பிடித்துத் தரும் ‘ஒகோனோமி’ முறையும் கூடவே இருந்தது, இன்றும் இருக்கிறது. படத்தில் இந்த வரலாறு இல்லை. நேராகக் கோயிலுக்குள் நுழைந்துவிடுகிறார்கள்.

அலுவலக வேலையாக டோக்கியோ போயிருந்தபோது எட்டு பேர் உட்காரும் ஒரு சின்ன ஒமகாசே கடையில் சாப்பிட்டேன். மீனைவிட எனக்கு நினைவில் நிற்பது சோறு. வினிகர் கலந்தது, உடம்புச் சூட்டில் இருந்தது, மேலே மீன் மட்டும் லேசாகக் குளிர்ந்து. அந்தச் சூடு குறையாமல் இருக்க, ஒரு பையன் உள்ளேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு கொண்டுவந்து மாற்றிக்கொண்டே இருந்தான். நாங்கள் எட்டு பேரும் பார்த்தது மாஸ்டரின் விரல்களை.

படமும் அதே இடத்தில்தான் கேமராவை வைக்கிறது. ஆனால் அதற்குள்ளேயே கிடக்கிற தகவல்களைச் சேர்த்துப் பாருங்கள். எழுபது வயதில் மாரடைப்பு வந்தபிறகு ஜிரோ மீன் சந்தைக்குப் போவதில்லை, மூத்த மகன் யோஷிகாசுதான் போகிறார். மீனைத் தேர்ந்தெடுப்பது அந்தந்த மீனிலேயே ஊறிய வியாபாரிகள். ஆக்டோபஸை நாற்பது ஐம்பது நிமிடம் பிசைந்து மென்மையாக்குவது பயிற்சிப் பையன்கள். ஜிரோவே இதை மறைக்கவில்லை. தன் கைக்கு வரும்போது பெரும்பகுதி வேலை முடிந்துவிட்டது என்று ஒப்புக்கொள்கிறார். மனிதர் நேர்மையானவர். மிகைப்படுத்துவது படம்தான், ஃபிலிப் கிளாஸ் இசையும் ஸ்லோமோஷனுமாக. (மீன்மேல் சோயா தடவும் அந்த நெருக்கமான ஷாட்கள் அற்புதம், அதில் சந்தேகமில்லை.)

மேனேஜர்களுக்குப் பிடித்த காட்சி நகசாவாவுடையது. பத்து வருடம் உழைத்தபிறகுதான் முட்டைப் பண்டமான தமாகோயாகியைச் செய்ய விடுகிறார்கள். இருநூறுக்கும் மேல் செய்கிறார், எல்லாம் ரிஜெக்ட். கடைசியில் ஒருநாள் ஜிரோ சரி என்று சொல்ல, அழுதுவிடுகிறார். எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனாலும் ஒரு கேள்வி. அந்த இருநூறு தடவையும் என்ன தப்பு என்று சொன்னார்களா? சூடா, கலக்கியதா, கல்லா? படம் கேட்பதே இல்லை. காரணம் எழுதாமல் இருநூறு தடவை கோடைத் திருப்பி அனுப்புகிற ரிவ்யூவரை எந்த டீமில் குரு என்று கொண்டாடுவோம்? இந்தக் காட்சியைக் காட்டி ஒரு ஜூனியரிடம் “பொறுமையா இரு” என்று சொல்வது சுலபம். சொல்லிக்கொடுக்க வேண்டிய வேலை மிச்சமாகிறது. நகசாவா பிறகு அமெரிக்கா போய், 2013-ல் நியூயார்க்கில் தன் பெயரிலேயே கடை திறந்தார்.

ஒமகாசேயில் நம்பிக்கை வைக்கச் சொல்லப்படுவது இரண்டு பேர். ஒருவர் சாப்பிடுகிறவர், இன்னொருவர் பயிற்சிப் பையன். சாப்பிடுகிறவருக்குப் பதில் உடனே கிடைத்துவிடுகிறது, வாயில் போட்டால் தெரிந்துவிடும். பெண்களுக்குச் சற்றுச் சின்னதாகப் பிடித்து, எல்லோரும் ஒரே நேரத்தில் முடிக்கும்படி ஜிரோ பார்த்துக்கொள்கிற அளவுக்குக் கவனிப்பு. பையனுக்கு எப்போது பதில் வரும் என்று யாருக்கும் தெரியாது. இந்தச் சமமின்மைதான் கதை. படம் அதன் பக்கத்தில் நின்றுவிட்டு நகர்ந்துவிடுகிறது.

கடை 2007-ல் மூன்று மிஷெலின் நட்சத்திரம் வாங்கியது. 2019-ல் அந்தக் கையேடு கடையைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. சுவை குறைந்ததால் அல்ல, சாதாரண மக்கள் முன்பதிவு செய்ய முடியாததால். சரி, அந்த முதல் நட்சத்திரங்களுக்காக ஆய்வாளர்கள் வந்து சாப்பிட்டபோது கவுன்டரில் நின்று சுஷி பிடித்துக் கொடுத்தது யார்? யோஷிகாசு. உணவு விமர்சகர் யமமோட்டோ இதைப் படத்தின் கடைசிப் பகுதியில் சொல்கிறார். சில நொடிகள்தான். உடனே காட்சி மாறிவிடுகிறது.