இல்லிக் குடமும் அசைபோடும் பசுவும்: நன்னூற் பாயிரம் கூறும் படிப்பு முறை

"படிக்கிறேன்; ஆனால் படித்தது நினைவில் நிற்பதில்லை" என்னும் முறையீட்டைக் கேளாத இல்லம் இன்று அரிது. தேர்வுக்குப் படிக்கும் இளைஞர் மட்டும் இதனைக் கூறவில்லை. ஓய்வு பெற்றபின் ஆவலோடு நூல்களை வாங்கிக் குவித்த பெரியவர்களும் கூறுகின்றனர். வீட்டு வேலைக்கிடையே இதழ்களைப் புரட்டும் தாய்மார்களும் கூறுகின்றனர். சென்ற மாதம் படித்து வியந்த நூலின் கருத்து யாது என்று வினவினால், நூலின் பெயரும் அட்டையின் நிறமுமே மிஞ்சுகின்றன. இதற்கு நாம் சொல்லிக்கொள்ளும் காரணம் ஒன்றே: நினைவாற்றல் குறைவு. இக்காரணம் சரிதானா என்று ஆராயத் தமிழின் பழைய நூலொன்று துணைநிற்கிறது. அது நன்னூலின் பாயிரம்.

பவணந்தி முனிவரின் நன்னூல், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் என்னும் குறுநில மன்னனின் வேண்டுகோளுக்கிணங்க எழுந்தது என்பர். எழுத்தும் சொல்லும் கூறும் இலக்கணம் என்றே அதனை அறிவோம். ஆயினும் அதன் முகப்பில் நிற்கும் பொதுப்பாயிரம், நூல், ஆசிரியன், பாடம் சொல்லும் முறை, மாணாக்கன், பாடம் கேட்கும் முறை என்னும் ஐந்தினையும் விளக்கும் தனியொரு கல்விக் கோட்பாடாகும். மயிலைநாதர், சங்கர நமச்சிவாயர், சிவஞான முனிவர், ஆறுமுக நாவலர் முதலியோர் இந்நூலுக்கு உரை வகுத்தும் திருத்தியும் பேணி வந்தனர். நம் வகுப்பறைகளிலோ, மாணாக்கர் வகைக்குரிய உவமைகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்து, விடைத்தாளில் இறக்கிவைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். மறவாமல் கற்பது எப்படி என்று கூறும் பகுதியே மிக விரைவாக மறக்கப்படுவது வியப்பன்றோ!

எட்டு உவமைகள்

பவணந்தியார் மாணாக்கரை எட்டு உவமைகளால் மூவகைப்படுத்துகிறார். தலைமாணாக்கர்க்கு அன்னமும் பசுவும் உவமை. இடைமாணாக்கர்க்கு மண்ணும் கிளியும். கடைமாணாக்கர்க்கு இல்லிக் குடம், ஆடு, எருமை, நெய்யரி என்னும் நான்கு. இல்லிக் குடமாவது ஓட்டைக் குடம். நெய்யரியாவது நெய்யை வடிகட்டும் பன்னாடை.

கடைமாணாக்கர்க்குரிய நான்கையும் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஓட்டைக் குடம் ஊற்றிய நீரைத் தாங்குவதில்லை. ஆடு ஒரு செடியில் வயிறு நிறைய மேயாது, இங்கொரு தழையும் அங்கொரு தழையுமாகக் கடித்துத் திரிகிறது. எருமை நீரைக் கலக்கிச் சேறாக்கிய பிறகே குடிக்கிறது. பன்னாடை நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்கிறது. மறதி என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பது, உண்மையில் ஒன்றன்று. ஏற்றதைத் தாங்காமை ஒன்று. ஓரிடத்தில் நில்லாமை ஒன்று. நூலாசிரியர் சொல்லி முடிக்குமுன் அவரோடு பிணங்கிக் குழம்புதல் ஒன்று. மையக் கருத்தை நழுவவிட்டுத் துணுக்குகளை மட்டும் பற்றிக்கொள்ளுதல் ஒன்று. நோய் நான்கானால் மருந்தும் ஒன்றாக இருத்தல் இயலாது. இந்தப் பகுப்பு நுட்பம் பவணந்தியாரின் பெருமைகளுள் ஒன்று.

இவற்றுள் இன்று பெருகியிருப்பது ஆட்டின் மேய்ச்சல். ஒரு கட்டுரையின் இரண்டாம் பத்தியை முடிக்குமுன் கைப்பேசி ஒலிக்கிறது. செய்தி ஒன்றைப் பார்க்கிறோம். அதிலிருந்து ஒரு படத்திற்குத் தாவுகிறோம். திரும்பி வரும்போது முதற் பத்தியும் அயலாகிவிடுகிறது. இங்கே நினைவு குறைந்ததாகக் கூறுதல் பொருந்தாது. வாயில் வைக்கப்படாத உணவு செரிக்கவில்லை என்று வயிற்றைப் பழித்தல் தகுமா? பாடம் கேட்கும் மாணாக்கன், நீர் வேட்கை கொண்டவன் பருகுவதுபோன்ற ஆர்வத்தோடும், ஓவியப் பாவைபோன்ற அடக்கத்தோடும் இருத்தல் வேண்டும் என்று பவணந்தியார் விதிப்பது இதனாலேயே. ஆர்வமும் அசையாமையும் ஒருங்கே வேண்டும் என்பது கருதத்தக்கது. ஆர்வமில்லா அசையாமை உறக்கம். அசையாமை இல்லா ஆர்வம் ஆட்டின் மேய்ச்சல்.

பசுவோ புல் நிறைந்த இடத்தில் வயிறார மேய்கிறது. பின்பு ஓரிடத்தில் அமர்ந்து, மேய்ந்ததைச் சிறிது சிறிதாக வாய்க்குக் கொணர்ந்து மென்று அசைபோடுகிறது. ஆட்டிற்கும் பசுவிற்கும் இடையே வேறுபாடு மேய்ச்சலோடு முடியவில்லை. மேய்ந்தபின் நிகழ்வதிலும் உள்ளது. இந்தப் பின்பகுதியையே நாம் இழந்துவிட்டோம்.

உவமையின் குறை

இத்துணைச் சிறந்த பகுதியிலும் ஒரு குறை உண்டு. குடமும் ஆடும் பன்னாடையும் மாறா இயல்புடையவை. ஆடு முயன்று பசுவாவதில்லை. மாணாக்கனைக் குடத்தோடு ஒப்பிட்டவுடன், அவன் மறதியும் பிறவிக்குணம் என்னும் எண்ணம் தோன்றிவிடுகிறது. பாடம் சொல்லத் தகாதவர் பட்டியலில் நோயாளியையும் மந்த அறிவினனையும் பவணந்தியார் சேர்த்திருப்பது இவ்வெண்ணத்திற்கு வலிவூட்டுகிறது. கல்வித்துணை மிகுதியும் வேண்டப்படுபவனுக்கே கதவு அடைக்கப்படுகிறது. ஏட்டுச் சுவடிகள் அரியனவாகவும் ஆசிரியர் சிலராகவும் இருந்த காலத்தின் விதி அது என்று அமைதி கூறலாம். ஆயினும் இன்று அதனை ஏற்றல் இயலாது. "இவனுக்கு மண்டையில் ஏறாது" என்று ஒரு சிறுவனைக் குறித்து நாம் எளிதாகக் கூறிவிடும் சொல், அவனை ஓட்டைக் குடமாகவே ஆக்கிவிடுகிறது.

வியப்பு என்னவெனில், இக்கருத்திற்கு மறுப்பும் அப்பாயிரத்திலேயே உள்ளது. உவமைகளால் மாணாக்கரை வகுத்த புலவரே, சில நூற்பாக்கள் கடந்ததும் எண்களால் பேசத் தொடங்குகிறார். அங்கே குடமும் இல்லை, ஆடும் இல்லை. பயிற்சி மட்டுமே உள்ளது.

கால் பங்குக் கணக்கு

ஒரு முறை கேட்டவன் மீண்டும் கேட்டால் நூலில் பிழைபடுதல் நீங்கும் என்கிறார் பவணந்தியார். மூன்றாம் முறை கேட்டால் முறையறிந்து எடுத்துரைக்க வல்லவனாவான். இதனோடு அவர் நிறுத்தவில்லை. ஆசிரியர் கூறியதை முழுதும் உள்ளத்தில் கொண்டபோதிலும் மாணாக்கன் பெறுவது புலமையில் கால் பங்கே. உடன்பயில்வாரோடு பழகி ஆராய்வதால் மற்றொரு கால் பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்குச் செம்மையாக எடுத்துரைப்பதால் மட்டுமே நிரம்பும்.

இக்கணக்கின் துணிவை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆசிரியரைத் தெய்வம்போல் போற்றிய காலத்தில், அவ்வாசிரியரால் கிடைப்பது நாலில் ஒன்றே என்று ஓர் ஆசிரியரே கூறுகிறார்! இன்றைய படிப்பாளிக்கு நூலே ஆசிரியர். ஆகவே ஒரு நூலை எழுத்தெண்ணிப் படித்தாலும், படித்தவுடன் மூடி வைத்துவிட்டால், நம் கைக்கு வந்தது கால் பங்கே. முக்கால் பங்கை நூலுக்கு வெளியே தேடவேண்டும். நாமோ அக்கால் பங்கையே முழுமையென்று கருதி, அதுவும் தேய்ந்தபின் நினைவாற்றலைப் பழிக்கிறோம்.

நூல் பயில்வோன் கடமைகளாக அவர் ஏழினைக் கூறுகிறார். அவற்றுள் கேட்டவற்றை எண்ணிப் பார்த்தல், ஒத்தாரோடு பயிலுதல், வினாவுதல், வினாவியவற்றுக்கு விடையிறுத்தல் ஆகிய நான்கும் உள்ளே சென்றதை வெளிக்கொணரும் செயல்களாகும். மனப்பாடத்தையும் அவர் விலக்கவில்லை. ஆயின் அதனை ஏழில் ஒன்றாகவே வைத்தார். சொல்லிக்கொடுத்ததை மட்டும் திருப்பிச் சொல்லும் கிளியை அவர் தலைமாணாக்கர் வரிசையில் சேர்க்காததும் ஈண்டு நினைக்கத்தக்கது.

சோதனைச் சாலையின் சான்று

இக்கணக்கு புலவரின் கற்பனையா, நடைமுறை உண்மையா? ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் நினைவைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, இடைவெளிவிட்டு மீண்டும் கற்றபோது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அளந்தார். ஒரு மணி நேரங்கழித்து ஏறத்தாழ 44 விழுக்காடும், ஒரு நாள் கழித்து 34 விழுக்காடும், 31 நாள் கழித்து 21 விழுக்காடும் மிச்சமாயின. மறதியின் பெரும்பகுதி முதல் நாளிலேயே நிகழ்ந்துவிடுகிறது. பிறகு அது மெல்லவே நடக்கிறது. பொருளுள்ள நூலுக்கு இவ்வெண்கள் அப்படியே பொருந்தா. ஆயினும் கற்றறிந்த ஒருவரின் குடமும் ஒழுகியது என்பது உறுதி. ஓட்டை எல்லாக் குடத்திலும் உண்டு.

அமெரிக்க அறிஞர்களான ரோடிகர், கார்ப்பிக் ஆகிய இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு, பவணந்தியாரின் கணக்கிற்கு இன்னும் அணுக்கமானது. மாணவர் ஒரு குழுவினர் உரைநடைப் பகுதியொன்றை நான்கு வேளையும் படித்தனர். மற்றொரு குழுவினர் ஒரு வேளை படித்து, எஞ்சிய மூன்று வேளையும் பகுதியைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடங் கழித்துச் சோதித்தபோது முதற் குழுவினர் 83 விழுக்காடும் மற்றவர் 71 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரங் கழித்தோ நிலை தலைகீழாயிற்று. திரும்பத் திரும்பப் படித்தவர் 40 விழுக்காட்டிற்கு வீழ்ந்தனர்; நினைவிலிருந்து எழுதியவர் 61 விழுக்காட்டில் நின்றனர். முதற் குழுவினர் அப்பகுதியைச் சராசரியாகப் பதினான்கு தடவை படித்திருந்தனர்; மற்றவர் மூன்று தடவைக்குச் சற்றே மிகுதியாகப் படித்திருந்தனர். இருந்தும், தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று மிகுதியும் நம்பியவர் முதற் குழுவினரே! மேய்ச்சலின் மிகுதி வயிறு நிறைந்தது என்னும் மயக்கத்தைத் தருகிறது. அசைபோட்டதே உடலில் ஒட்டுகிறது.

பவணந்தியார் கூறாதுவிட்டதும் ஒன்றுண்டு. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் எவ்வளவு இடைவெளியில் நிகழவேண்டும் என்று அவர் வரையறுக்கவில்லை. ஒரே அமர்வில் பலமுறை கற்பதினும் நாள்களில் பரப்பிக் கற்பதே நிலைக்கும் என்பதை எபிங்ஹாஸ் கண்டார். பின்வந்த ஆய்வுகளும் அதனை உறுதிப்படுத்தின.

திண்ணையும் மதரஸாவும்

எடுத்துரைத்தலே அரைப்பங்கு என்னும் கொள்கை நம் நாட்டில் வழக்கமாகவே வாழ்ந்தது. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை, தான் கற்றதை இளையோர்க்குச் சொல்லிக்கொடுத்தான். சென்னையில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரு பெல் என்பார், மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையை அங்கே கையாண்டு, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது 'சென்னை முறை' என்றே அங்குப் பெயர் பெற்றது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் (1815–1876) மாணாக்கர் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் சூழ்ந்திருந்து கேட்கும் முறையில் பாடம் நிகழ்ந்தது. உ.வே. சாமிநாத ஐயரும், நாகூர்க் குலாம் காதிறு நாவலரும் அந்தப் பள்ளியில் உருவானவர்களே.

திருக்குர்ஆனை மனனம் செய்யும் ஹாபிழ்களின் பயிற்சியை நம் குடும்பங்கள் நேரில் அறியும். புதிய பாடம், அண்மைப் பாடம், பழைய பாடம் என மூன்றையும் மாணவர் நாள்தோறும் உஸ்தாதிடம் பாராமல் ஒப்பிப்பது மதரஸாக்களில் பரவலான வழக்கு. ரமலான் இரவுகளில் தராவீஹ் தொழுகையில் அவர் ஓத, பின்னே நிற்கும் மற்றொரு ஹாபிழ் தவறினைத் திருத்துகிறார். முப்பது ஜுஸ்உகளும் நெஞ்சில் நிலைப்பது பிறவி ஆற்றலால் மட்டும் அன்று, நாள்தோறும் வெளிக்கொணரப்படுவதால். ஓதுவதை நிறுத்தினால் மனனம் நழுவும் என்பதை எந்த ஹாபிழும் மறுக்கமாட்டார். இதனைக் கண்கூடாக அறிந்த நாமே, பிற நூல்களைப் படிக்கும்போது மட்டும் அம்முறையை மறந்துவிடுகிறோம்.

இல்லத்தில் செய்யத்தக்கது

எல்லாவற்றையும் நினைவில் கொள்ள வேண்டுமா என்று சிலர் வினவலாம். வேண்டுவதில்லை. நீரை விடுத்துப் பாலைக் கொள்ளும் அன்னம் முதலுவமையாக நிற்பது அதனாலேயே. நாளிதழின் பெரும்பகுதி மறக்கத்தக்கதே. ஆனால் எது தங்கவேண்டும் என்பதை நாம் தேர்ந்தெடுத்தல் வேண்டும். பன்னாடையிடம் அத்தேர்வை விடலாகாது.

உமறுப் புலவரின் சீறாப்புராணம் 5027 விருத்தங்களும் 92 படலங்களும் கொண்டது. அதனை ஒரே மூச்சில் படிக்க முனைந்து நடுவழியில் கைவிட்டவர் பலர். கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு ஒரு படலத்தை மட்டும் அமர்ந்து படிக்கலாம். படித்ததும் நூலை மூடி, அதில் நிகழ்ந்தது யாது, புலவர் எதனைச் சிறப்பித்தார் என்று தமக்குத் தாமே சொல்லிப் பார்க்கலாம். தடுமாறிய இடத்தை மட்டும் மீண்டும் திறந்து காணலாம். இரவு உணவின்போது பிள்ளைகளுக்கு அதனை எடுத்துரைக்கலாம். பிள்ளைகள் கேட்கும் வினாவே நம் அறிவின் ஓட்டையைக் காட்டும். மறுநாளும், ஒரு வாரங் கழித்தும் சில நொடி நினைத்துப் பார்த்தால், அப்படலம் நம்முடையதாகிவிடும். பிள்ளையின் பாடத்திலும் "படித்தாயா?" என்னும் கேள்வியை விடுத்து, "என்ன படித்தாய், எனக்குச் சொல்" என்று பெற்றோர் கேட்டால் போதும். எழுத்தறியாத பாட்டியும் இக்கேள்வியால் நல்லாசிரியை ஆகலாம்.

நன்னூற் பாயிரத்தின் உவமைகள் சுவையானவை. அவற்றைவிட அதன் கணக்கே உண்மையானது. உவமை, மாணாக்கன் யார் என்று கூறுகிறது. கணக்கோ, அவன் என்ன செய்யவேண்டும் என்று கூறுகிறது. ஒரு சிறுவனை ஓட்டைக் குடம் என்று ஒதுக்குமுன், அவன் கற்றதை எடுத்துரைக்க ஒருவேளையேனும் நாம் செவிகொடுத்தோமா என்று எண்ணிப் பார்ப்பது நம் கடன்.