அழிப்பீரோ, அழிப்பீங்களா

தாம்பரம், சேலையூர்ப் பக்கம் ஜெபத்தின் மொழி மாறிக்கொண்டிருக்கிறது. வயதானவர்கள் கடவுளை ‘நீர்’ என்கிறார்கள். இளைஞர் கூடுகைகளில் ‘நீங்க’ வந்துவிட்டது. பேச்சுத்தமிழ்தானே, இதுல என்ன இருக்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நிறைய இருக்கிறது. பரிசுத்தமான ஒருவரிடம் போய் இரக்கத்தை எப்படிக் கேட்பது என்பதற்குத் தமிழ் வைத்திருக்கும் பதில் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

எபிரெயத்தில் மரியாதைக்கென்று தனி முன்னிலைச் சொல் கிடையாது. வேலைக்காரனைக் கூப்பிடும் சொல்லால்தான் கடவுளையும் கூப்பிட வேண்டும். பைபிளின் கிரேக்கமும் அப்படித்தான். ஆகவே 1714-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கின் சுவிசேஷங்கள் அச்சேறிய காலந்தொட்டு, தமிழில் பைபிளைக் கொண்டுவந்த ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்ய வேண்டியிருந்தது: நீயா, நீரா, தாங்களா? மூலம் உதவாது. புராட்டஸ்டன்டுகளின் பழைய பைபிளும் 1995-இல் வந்த திருவிவிலியமும் பல சொற்களில் முட்டிக்கொள்பவை (ஒன்றுக்குப் பரிசுத்தம், கிருபை, மற்றதற்குத் தூய்மை, அருள்). ஆனால் இந்த இடத்தில் இரண்டும் ‘நீர்’ பக்கம்தான்.

ஆதியாகமம் 18-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சோதோம் அழியப்போகிறது. ஐம்பது நீதிமான்கள் இருந்தால் விட்டுவிடுவீரா என்று தொடங்கி நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது, பத்து வரை ஆபிரகாம் இறங்கி வருகிறார். நடுவில் தன்னைத் தூளும் சாம்பலும் என்கிறார். ஆனால் தூள்தான் நியாயாதிபதியிடமே நியாயம் கேட்கிறது. ‘அழிப்பாயோ’ என்றால் அதட்டல். ‘அழிப்பீங்களா’ என்றால் தாலுகா ஆபீஸ் ஜன்னலில் விசாரிப்பது போலிருக்கும். ‘அழிப்பீரோ’வில் குனிவும் குற்றச்சாட்டும் ஒரே விகுதிக்குள் இருக்கின்றன. பத்தோடு ஆபிரகாம் நிறுத்திக்கொண்டார். ஊர் எரிந்தது.

திருநெல்வேலிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கே ‘நீரு’ இன்னும் வீட்டிலும் கடையிலும் புழங்கும் சொல். ‘நீ’ என்று இறக்கவும் முடியாத, ‘நீங்க’ என்று தள்ளி வைக்கவும் முடியாத ஒருவரைச் சொல்வது. வேலைக்காக இந்தப் பக்கம் குடிவந்த நெல்லைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அது கோயிலில் மட்டும் கேட்கிற சொல்லாகச் சுருங்கிவிட்டது. எங்கள் வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை இறந்தபோது ஆச்சி சுவரைப் பார்த்து, “நீரு பாத்துக்கிட்டுத்தான இருந்தீரு?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “உம்ம சித்தம்” என்றாள். முதல் வாக்கியத்தை ‘நீங்க’ போட்டு அவளால் சொல்லியிருக்க முடியாது.

இது கிறிஸ்தவர்களின் கண்டுபிடிப்பும் இல்லை. கண் பார்வை இழந்து திருவாரூர் வந்து நிற்கும் சுந்தரர், நீரே நன்றாக வாழ்ந்துகொள்ளும் என்ற தொனியில் சிவனிடம் சண்டை போடும் பதிகத்தில் ‘உமக்கே’ என்றுதான் பேசுகிறார். நான் உம் அடிமை, ஆனால் நீர் செய்தது சரியில்லை. ஆச்சி தேவாரம் வாசித்தவள் இல்லை.

1938 டிசம்பரில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கூடிய சர்வதேச மிஷனரி மாநாட்டில் ஹென்ட்ரிக் கிரேமரின் நூல் பெரிய விவாதமானது. மனிதனின் சமயத் தேடலுக்கும் கடவுள் தன்னை வெளிப்படுத்துவதற்கும் நடுவே தொடர்ச்சியே இல்லை என்றார் கிரேமர். செஞ்சையா, சக்கரை போன்ற சென்னைக்காரர்கள் மறுத்து எழுதினார்கள். இறையியல் தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் கடவுளை நெருங்கும் இலக்கணத்தில் திருவாரூருக்கும் சேலையூருக்கும் நடுவே தொடர்ச்சி இருக்கிறது.

‘நீங்க’ என்று ஜெபிக்கும் பையன்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று வேடிக்கை. வீட்டில் அப்பாவை ‘நீ’ என்பவன், மைக்கைப் பிடித்ததும் “அப்பா, நீங்க” என்று கடவுளிடம் ஆரம்பிக்கிறான். நெருக்கத்துக்காகக் கொண்டுவந்த சொல், சொந்த அப்பாவைவிடக் கடவுளை ஒரு படி தள்ளி உட்காரவைக்கிறது. ‘நீ’ என்று சொல்லவும் அவனுக்குத் துணிச்சல் இல்லை. ஜெபம் சூடேறிக் குரல் உடையும்போது அதே பையன் தன்னையறியாமல் ‘நீர்’, ‘உம்மை’ என்று தாவுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பழைய பாட்டுகளின் பழக்கதோஷம் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அவன் தாவுவது அழும்போது மட்டும்தான்.